எள்ளலால் அறமுரைத்த ரொக்கையா அம்மையார்

நகை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியனார், அவற்றுள் எள்ளலை முதற்கண் வைத்தார். பிறரை இழித்து மகிழ்வதும் எள்ளலே. உலகியலின் முறைகேட்டை எடுத்துக்காட்டி நாணச் செய்வதும் எள்ளலே. பின்னதனை விஞ்ஞானக் கற்பனையோடு இணைத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரியதொரு கதை படைத்தவர் வங்கத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையார்.

அம்மையார் 1880 ஆம் ஆண்டில், ரங்பூரைச் சார்ந்த பைராபந்து என்னும் ஊரில், செல்வம் படைத்த நிலக்கிழார் குடியிற் பிறந்தார். அக்குடியின் ஆண்மக்கள் கல்லூரி சென்றனர். பெண்மக்களோ திரைக்குள் வாழ்ந்தனர்; ஆங்கிலமும் தாய்மொழியாகிய வங்கமும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. வீட்டார் உறங்கிய பின் மூத்த தமையனார் இபுறாகீம் சாபர் விளக்கொளியில் ஆங்கிலம் கற்பித்தார். தமக்கையார் கரீமுன்னிசா வங்கமொழியில் ஊக்கம் ஊட்டினார். இங்ஙனம் களவிற் பெற்ற கல்வியே பிற்காலத்தில் பல்லாயிரம் பெண்களுக்குப் பயன்பட்டது.

பாகல்பூரில் உதவி நீதிபதியாய் விளங்கிய சகாவத் ஹுசைன் அவரை மணந்தார். கணவர் மனைவியின் எழுத்தார்வத்தைத் தடுத்தாரல்லர், வளர்த்தார். ஒருமுறை அவர் அலுவலின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தபோது, தனிமையைப் போக்க அம்மையார் ஆங்கிலத்திற் கதையொன்று எழுதினார். மீண்டு வந்த கணவர் அதனை நின்ற நிலையிலேயே படித்து முடித்து, ஆடவர்மீது தீர்த்துக்கொண்ட கடும் பழியென வியந்தனராம். அக்கதையே ‘சுல்தானாவின் கனவு’. அது 1905 இல் வெளிவந்தது சென்னையில், கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய மாதர் இதழில் என்பது தமிழ் மக்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. 1908 இல் அது நூலுருப் பெற்றது.

கதையின் நாட்டிலே ஆடவர் வீட்டினுள் அடைபட்டுள்ளனர். மகளிர் அஞ்சாது வீதியில் உலவுகின்றனர். மகளிர் பல்கலைக்கழகம் ஒன்று முகிலிலிருந்து நீரைக் கவரும் பலூனை அமைக்கின்றது. மற்றொன்று கதிரவன் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கின்றது. இவற்றை வீண் கனவென நகைத்த ஆடவர் படைபெருக்கி நின்றனர். பகையரசன் வந்தபோது தோற்றனர். அப்போது மாணவியர் ஈராயிரவர் திரட்டிய ஞாயிற்றுக் கதிரைப் பகைவர்மீது பாய்ச்சி அவர்களை ஓடச் செய்தனர். போருக்கு முன் உள்ளே புகுந்த ஆடவர் பின் வெளிவரவேயில்லை. ஆடவர் அலுவலகத்திற் சுருட்டுப் புகைத்துக் கழிக்கும் நேரத்தை அம்மையார் கணக்கிட்டுக் காட்டுமிடம் நகைக்கத்தக்கது, சிந்திக்கவும் தக்கது. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் மகளிர் நாட்டைப் பற்றி எழுதியது இதற்குப் பத்தாண்டுகளின் பின்னர், 1915 இலேதான்.

எழுதியதோடு அமைந்தாரா எனின், இல்லை. 1909 இற் கணவர் இறந்தார். அவ்வாண்டே அவர் பெயரால் ஐந்து மாணவியரோடு பாகல்பூரிற் பாடசாலை தொடங்கினார். குடும்பப் பூசலால் அவ்வூரை நீங்கி, 1911 இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். வீடுவீடாகச் சென்று பெற்றோரை இரந்தார்.

இங்கேதான் அவர் வாழ்வின் பெருஞ்சோதனை நிகழ்ந்தது. கனவிலே திரையை அகற்றியவர் நனவிலே திரையிட்ட வண்டியிற் பிள்ளைகளை ஏற்றவேண்டியதாயிற்று. காற்றுப் புகாத அவ்வண்டியிற் சிறுமியர் மயங்கினர். அடைப்பை நீக்கித் துணித்திரை தொங்கவிட்டால், அது காற்றில் அசைகின்றதெனக் கண்டனக் கடிதங்கள் வந்தன. அவரும் திரைக்குள் இருந்தே பாடசாலையை நடத்தினார். கொள்கையை விட்டாரென இதனைக் கருதுதல் பொருந்தாது. பள்ளி மூடப்பட்டிருப்பின் மாணவியர்க்கு எழுத்தும் இல்லை, எதிர்காலமும் இல்லை. ஆதலின் திரையைப் பொறுத்தார், அறியாமையைப் பொறுத்தாரல்லர். பொறுத்த துயரையெல்லாம் பின்னர் 1931 இல் ‘அபரோத்வாசினி’ என்னும் நூலில், அங்கதம் ததும்பும் சிறுநிகழ்ச்சிகளாக எழுதி வைத்தார். ‘பத்மராக்’ என்னும் நாவல் 1924 இல் வெளிவந்தது.

கண்டி மக்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. இந்நகரிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது ரொக்கையா சிறு குழந்தை. ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை 1885 இல் வெளியிட்ட அப்பெருமகனாரும், எதிர்ப்புக்கிடையே கண்டியிற் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை கண்டவரே. நாவலும் பாடசாலையும் ஒரே உள்ளத்தின் இரு செயல்கள் என்பதை இவ்விருவர் வாழ்வும் விளக்குகின்றன.

1932 திசம்பர் 9 ஆம் நாள், தாம் பிறந்த அதே திகதியில், அம்மையார் மறைந்தார். பெண்ணுரிமை பற்றி எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறாது எஞ்சியது. அவர் கண்ட பாடசாலை கல்கத்தாவில் இன்றும் நடைபெறுகின்றது. ஞாயிற்றின் ஆற்றலை மின்னாக்கும் பலகைகள் நம் கூரைகளிலும் ஏறிவிட்டன. கதையில் அவர் கண்ட கருவிகள் ஒருவாறு கைகூடின. அக்கருவிகளை ஆக்கிய அறிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப உரியதென்னும் கருத்தை மாணவர்க்கு உணர்த்துவதே, இன்று ஆசிரியர்க்கு எஞ்சியுள்ள கடன்.