தந்தை செல்வா

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898-ல் மலேயாவின் ஈப்போவில் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து வக்கீல் ஆனார். 1947-ல் காங்கேசன்துறை எம்.பி. ஆனார்.

1948-ல் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்று இலங்கை அரசு சட்டம் போட்டது. அவங்க ஓட்டும் போச்சு. ஆனால் தொகுதி பிரிக்கத் தலை எண்ணும்போது மட்டும் அவங்களையும் சேர்த்தே எண்ணினார்கள்! எம்.பி.யை மற்றவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இதை எதிர்த்த செல்வா 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952-ல் தோற்றார். 1956-ல் ஜெயித்தார். 1972 அரசியல் சட்டத்தில் தமிழருக்கு இருந்த பாதுகாப்பு போச்சு. மக்களே தீர்ப்பு சொல்லட்டும் என்று பதவியை விட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் இடைத்தேர்தலே வைக்கவில்லை. 1975-ல் வைத்தார்கள். 16,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1977-ல் காலமானார்.

தலை எண்ணும்போது இருக்கிறவங்க ஓட்டுப் போடும்போதும் இருக்கணும். அதுக்காகக் கத்தி எடுக்காமல் போராடியவர் தந்தை செல்வா.