கங்கை நீரை ஆராய்ந்த ஹான்கின்

கங்கை நீரிலே நோய்க்கிருமி வாழாது என்பதை மேனாட்டு விஞ்ஞானி ஒருவரே கண்டு சொல்லியிருக்கிறார் என்று சமயச் சொற்பொழிவுகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் அவ்விஞ்ஞானியின் பெயரைச் சொல்வது அரிது. அவர் கண்டது எது, காணாதது எது என்று பிரித்துரைப்போர் அதனிலும் அரியர். மகாவலியையும் கங்கையென்றே அழைத்து, அதன் கரையில் வாழும் கண்டி மக்களாகிய நமக்கு அவருடைய வரலாறு தெரிந்திருத்தல் அவசியமென எண்ணி இச்சிறு கட்டுரையை எழுதலானோம்.

ஏர்ணெஸ்ற் ஹன்பரி ஹான்கின் 1865ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஹேர்ட்போட்ஷயரிலுள்ள வெயர் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் மருத்துவக் கல்வியும் கேம்பிறிட்ஜ் சென் ஜோன்ஸ் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றார். பின்னர் பேர்லினில் கொக் அவர்களிடத்தும் பாரிஸ் நகரிலே பஸ்தர் அவர்களின் ஆய்வுகூடத்தும் பயிற்சி பெறும் பேறு அவருக்கு வாய்த்தது. கிருமிகளைப் பற்றிய அறிவு அப்பொழுதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியைக் கல்கத்தாவிலே நோயாளர் உடலிலும் குளத்து நீரிலும் கொக் 1884இல் கண்டறிந்து சில ஆண்டுகளே சென்றிருந்தன.

1892இல் ஹான்கின் ஆக்ரா நகருக்கு அரசாங்க இரசாயனப் பரிசோதகராக வந்து சேர்ந்தார். நஞ்சூட்டப்பட்டோரின் குடலையும் இரைப்பையையும் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவதே அப்பதவியின் வழக்கமான கடமை. அதனோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் வட இந்தியாவிலே கோடைதோறும் வாந்திபேதி ஊர் ஊராகச் சூறையாடிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ஹவ்கின் என்ற அறிஞர் வாந்திபேதித் தடுப்பூசியுடன் இந்தியாவுக்கு வந்து ஆக்ராவிலே முதன்முதல் ஊசியேற்றியபோது, ஹான்கினின் ஆய்வுகூடம் அவருக்குத் துணையாயிற்று.

இந்நோயின் கொடுமையை மலைநாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்த நம் முன்னோருள் எத்தனையோ பேர் வழியிலேயே பேதிகண்டு மாண்டனர். குடிக்கக் கிடைத்தது வழியோரக் குட்டை நீரும் பாழ்ங்கிணற்று நீருமே. அந்நீரிலே எமன் இருந்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் எவருமில்லை.

ஹான்கின் முதலிலே எழுப்பிக்கொண்ட வினா மிக எளியது. வாந்திபேதி எந்த நீரால் பரவுகிறது? இலட்சக்கணக்கானோர் நீராடும் கங்கையும் யமுனையுமே நோயைப் பரப்புகின்றன என்று ஐரோப்பியர் பலர் கருதினர். பிணங்கள் மிதக்கும் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு வேறு விதமாக எண்ணத் தோன்றவில்லை. புண்ணிய நதிக்கு மாசே இல்லை என்பது அடியார்களின் துணிபு. இரு சாராரும் நீரைச் சோதித்தவர்களல்லர். ஹான்கின் நீரை மொண்டு வந்தார். ஆற்று நீரிலும் கிணற்று நீரிலும் வாந்திபேதிக் கிருமியை விட்டு, மணிக்கு மணி எண்ணிப் பார்த்தார். கிணற்று நீரில் கிருமி பெருகிற்று. ஆற்று நீரிலோ சில மணி நேரத்துள் மடிந்தது!

இம்முடிவைக் கண்டதும் அவர் கைகட்டி நிற்கவில்லை. கொல்லும் பொருள் யாதென அறியும் பொருட்டு அந்நீரை நுண்ணிய பீங்கான் வடியின் வழியே செலுத்தினார். வடிந்த நீரும் கிருமியைக் கொன்றது. திறந்த பாத்திரத்திலே கொதிக்க வைத்தார், ஆற்றல் மறைந்தது. ஆவி வெளியேறாதபடி மூடி முத்திரையிட்ட குழாயிலே சூடாக்கினார், ஆற்றல் மறையவில்லை. ஆகவே எளிதில் ஆவியாகிப் போகும் ஏதோவொரு பொருள் ஆற்று நீரில் உளது என்று கருதி, தமது ஆராய்ச்சியைப் பிரெஞ்சு மொழியில் எழுதிப் பஸ்தர் நிலையத்தின் ஏட்டிலே 1896இல் வெளியிட்டார். அவ்வாண்டு இந்தியாவில் யாத்திரை செய்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் தமது பயண நூலிலே இச்செய்தியை எழுதவே, அது உலகெங்கும் பரவிற்று.

பரவிய செய்தி வழியிலே பருத்தும் போயிற்று. 1915இலும் 1917இலும் கிருமியைத் தின்னும் நுண்ணுயிரிகள் வெவ்வேறு அறிஞர்களால் கண்டறியப்பட்டபின், ஹான்கின் கண்டதும் அவற்றையே என்று நூல்கள் எழுதலாயின. அவ்வகை நுண்ணுயிரி கொதித்தால் மாள வேண்டும்; குழாய் மூடியிருந்தாலென்ன, திறந்திருந்தாலென்ன? இதனைச் சுட்டிக்காட்டி, ஹான்கினின் சோதனைக்கு அவ்விளக்கம் பொருந்தாது என்று 2011இல் ஆராய்ச்சியாளர் சிலர் வாதித்தனர். அவருடைய கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நூற்றுப்பதினைந்து ஆண்டுகளாக அதனை மேற்கோள் காட்டியோருள் எத்தனை பேர் படித்துப் பார்த்திருப்பர் என்று எண்ணுகையில் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இதனினும் முக்கியமான செய்தி வேறொன்று. ஹான்கின் சோதித்தது வாந்திபேதிக் கிருமி ஒன்றையே. கங்கையில் எதை விட்டாலும் கங்கை பொறுத்துக்கொள்ளும் என்று அவர் நிறுவவில்லை. கான்பூரின் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து குரோமியம் என்ற உலோகம் கலந்த கழிவு பல்லாண்டுகளாக ஆற்றில் விழுந்திருக்கிறது. கிருமி மணிக்கணக்கில் மாளலாம். குரோமியத்துக்கு மாளும் உயிரே இல்லை. அது சேற்றிலே தங்கிக் கிடக்கும். நம் கண்டியிலும் குளத்து மிகைநீரைக் கொண்டுசெல்லும் மெத எல, கடைத்தெருக்களின் கழிவையும் சாக்கடையையும் பல்லாண்டுகள் சுமந்து கெட்டம்பைப் பக்கத்தில் மகாவலியிற் கலந்து வந்தது. எசல பெரகராவின் முடிவிலே, கதிர்காமத் தேவாலயம் முதலியவற்றின் நீர்வெட்டு நிகழ்வதும் அதே கெட்டம்பையிலேதான்.

ஹான்கின் தம் வாழ்நாளிலே மிகுதியும் பாடுபட்டது ஆற்றுக்காகவன்று, கிணற்றுக்காகவே. நம்மவர் கொண்டிஸ் என்று வழங்கும் பொற்றாசியம் பரமங்கனேற்றைக் கிணற்றிலே கரைத்துவிடும் முறையை அவர் வற்புறுத்தி வந்தார். ஒரு வாளி நீரிலே அதனைக் கரைத்து, வாளியைக் கிணற்றினுள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். இதிலே அழகான இரசாயன நுட்பம் ஒன்றுண்டு. அம்மருந்து தன்னிலுள்ள ஒட்சிசனைக் கொடுத்து அழுக்கை எரிக்கிறது. எரிக்கும்போது தன் செந்நிறத்தை இழக்கிறது. அழுக்கு மிகுந்த கிணற்றில் நிறம் விரைவில் மறையும். நிறம் நிலைத்து நிற்கும்வரை மருந்தைச் சேர்த்துக்கொண்டு போகலாம். எழுத்தறியாத கிராமத்தவரும் கண்ணாலே பார்த்துத் தம் கிணற்றின் நிலையை அறிய வழி பிறந்தது! இம்முறை இந்தியாவில் நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது. வாந்திபேதிக் கிருமிக்கு அம்மருந்து ஏற்றதெனினும் பிற கிருமிகள் பலவற்றை அது கொல்லாது என்று அறியப்பட்டபின், குளோரின் தரும் வெளிற்றும் தூள் அதன் இடத்தைப் பிடித்தது. அதனால் ஹான்கினின் புகழ் குறைந்ததென நாம் கருதவில்லை.

இவரது மனம் ஒன்றிலே அடங்கி நின்றதன்று. ஆக்ராவின் வானிலே சிறகசைக்காமல் வட்டமிடும் பருந்துகளையும் கழுகுகளையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து, பிராணிகளின் பறத்தலைப் பற்றி 1913இல் ஒரு நூல் வெளியிட்டார். பத்தேப்பூர் சிக்ரியின் பழைய நீராடு கூடமொன்றிலே, சுவர்க் கோலத்தின் அடியில் மங்கலாகத் தெரிந்த கீறல்களைக் கண்டு, முகலாயச் சிற்பிகள் அக்கோலங்களை எவ்வாறு அளந்து வரைந்தனர் என்பதை ஊகித்தறிந்தார். அந்த ஆராய்ச்சியை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1925இல் பதிப்பித்தது. நிபுணர்களின் மனக்குறைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். தாமும் ஒரு நிபுணர் என்பதை மறந்தா எழுதினார்!

முப்பது ஆண்டளவு இந்தியாவிலே பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஹான்கின், தாயகம் திரும்பி, 1939இல் இங்கிலாந்தின் மேற்குக் கரையோர நகராகிய நியூகீயிலே காலமானார்.