ஜேம்ஸ் பி. லாங்கேக்கர்

ஜேம்ஸ் பார்ட்டன் லாங்கேக்கர் (ஆகஸ்டு 11, 1794 - சனவரி 1, 1869) ஓர் அமெரிக்கச் செதுக்குநர் ஆவார். ஐக்கிய அமெரிக்க நாணயச்சாலையின் நான்காவது தலைமைச் செதுக்குநராக 1844 முதல் இறக்கும்வரை பணியாற்றினார். நாணயவியலில் லாங்கேக்கர் இரட்டிப்பு எனப்படும் தோற்றம் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

இளமை

பென்சில்வேனியாவின் டெலவேர் கவுண்டியில் பிறந்தார். தாய் இறந்து தந்தை மறுமணம் செய்துகொண்டபின், 12 வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். பிலடெல்பியாவில் நூல் விற்பனையாளரான ஜான் வாட்சன் இவரைத் தம் கடையில் சேர்த்துக்கொண்டார். பின்னர் ஜார்ஜ் மரே என்பவரிடம் செதுக்குக்கலை பயின்று, 1819 இல் தனியே தொழில் தொடங்கினார். 1830களில் ஜேம்ஸ் ஹெரிங்குடன் இணைந்து அமெரிக்கப் பெருமக்களின் உருவப்படத் தொகுதிகளை வெளியிட்டார். 1837 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவரை நொடிப்பு நிலைக்குத் தள்ளியது.

நாணயச்சாலையில்

1844 இல் கிறிஸ்டியன் கோப்ரெக்ட் இறந்ததும், அரசியல்வாதி ஜான் கால்ஹூனின் ஆதரவுடன் இவர் தலைமைச் செதுக்குநரானார். தகட்டில் படம் செதுக்குவதில் வல்லவரான இவருக்கு எஃகு அச்சு வெட்டும் அனுபவம் இல்லை. இயக்குநர் ராபர்ட் பாட்டர்சனும் தலைமை நாணயமடிப்பாளர் பிராங்க்ளின் பீலும் இவரை விரும்பவில்லை. மாதிரியுருவைச் சிறிதாக்கி வெட்டும் கடைசல் இயந்திரம் பீலின் கட்டுப்பாட்டில் இருந்தது.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததையடுத்து, 1849 இல் ஒரு டாலர், இருபது டாலர் பொற்காசுகளை அடிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இப்பணியில் பல தடைகளைச் சந்தித்த லாங்கேக்கரைப் பதவிநீக்கவும் பாட்டர்சன் முயன்றார். லாங்கேக்கர் வாசிங்டன் சென்று கருவூலச் செயலர் வில்லியம் மெரிடித்திடம் நேரில் விளக்கிப் பதவியைக் காத்துக்கொண்டார். பாட்டர்சன் 1851 இல் ஓய்வுபெற்றார். பீல் 1854 இல் நீக்கப்பட்டார்.

வடிவமைத்த நாணயங்கள்

- மூன்று சென்ட் வெள்ளி (1851)
- மூன்று டாலர் பொற்காசு (1854)
- பறக்கும் கழுகு சென்ட் (1856)
- செவ்விந்தியத் தலை சென்ட் (1859, 1909 வரை அடிக்கப்பட்டது)
- இரண்டு சென்ட் (1864, கடவுள் நம்பிக்கை வாசகம் இடம்பெற்ற முதல் அமெரிக்கப் புழக்க நாணயம்)
- கேடய நிக்கல் (1866)

நாணயங்களில் இரட்டிப்பு

இவர் வடிவமைத்த நாணயங்களில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறியாதவர்கள் சாதாரண நாணயத்தை அரியது எனக் கருதி மிகுவிலை கொடுக்க நேரிடும்.

லாங்கேக்கர் இரட்டிப்பில் எழுத்தைச் சுற்றி மெல்லிய படி போன்ற விளிம்பு தெரியும். எழுத்தைப் பதிக்கும் எஃகு முளையின் தோள்பகுதியும் ஆழமாகப் பதிந்ததே காரணம் என்பர். உலோகம் எளிதில் பரவ வேண்டுமென்றே செய்யப்பட்டது என்போரும் உளர். மூல அச்சிலேயே இது இருந்தால் அதிலிருந்து உருவான எல்லா அச்சுகளிலும் காணப்படும். எனவே இது தனி அச்சு வேறுபாடாகக் கொள்ளப்படுவதில்லை.

இயந்திர இரட்டிப்பு நாணயம் அடிக்கப்படும் கணத்தில் ஏற்படுவது. தளர்ந்த அச்சு சற்று நகர்ந்து, அப்போதுதான் உருவான எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. அவ்விடம் தட்டையாகவும் தாழ்ந்தும் பளபளப்பாகவும் இருக்கும். எழுத்தின் அகலம் குறையும். அதே அச்சில் அடித்த வேறு நாணயங்களில் இது இல்லாமலும் போகலாம். இதற்குக் கூடுதல் மதிப்பு இல்லை.

உண்மையான இரட்டை அச்சில், அச்சு தயாரிக்கப்படும்போதே உருவம் இருமுறை விலகிப் பதிந்திருக்கும். எழுத்து தடித்து, அதன் மூலைகள் பிளவுபட்டு, இரு உருவங்களும் உருண்டு திரண்டு காணப்படும். அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் ஒரே இடத்தில் இது தோன்றும். 1867 ஆம் ஆண்டு இரண்டு சென்ட், 1873 ஆம் ஆண்டு செவ்விந்தியத் தலை சென்ட் ஆகியவற்றின் இரட்டை அச்சு வகைகள் புகழ்பெற்றவை. அக்காலத்தில் ஆண்டு எண்கள் ஒவ்வோர் அச்சிலும் கையால் பதிக்கப்பட்டதால், மறுபதிப்பான ஆண்டு எண்களும் மிகுதியாக உள்ளன. இவையும் அச்சு வேறுபாடுகளே.

மறைவு

லாங்கேக்கர் 1869 சனவரி 1 அன்று பிலடெல்பியாவில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவருக்குப்பின் வில்லியம் பார்பர் தலைமைச் செதுக்குநரானார்.