வால்வெள்ளி தேடிய சாள்ஸ் மெசியே

தாம் நாடிய பொருளினும் வேண்டாமென ஒதுக்கிய பொருளாற் பெரும்புகழ் எய்தியோர் உலகிற் சிலரே. அவருள் ஒருவர் பிரெஞ்சு வானநூல் வல்லுநராகிய சாள்ஸ் மெசியே.

லொரேன் நாட்டிலே 1730ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி பிறந்த மெசியே இளமையிலேயே தந்தையை இழந்தார். 1744இல் தோன்றிய பெரிய வால்வெள்ளி அவருள்ளத்தைக் கவர்ந்தது. உயர்கல்வி இல்லை, அழகிய கையெழுத்து இருந்தது. அதனையே துணையாகக் கொண்டு 1751இற் பாரிஸ் சென்று, தெலீல் என்னும் வானநூலறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார்.

ஹேலியின் வால்வெள்ளி மீளுமென உலகம் காத்திருந்த காலம் அது. தெலீல் வரைந்த வழிப்படத்தின்படி மெசியே இரவுதோறும் தேடினார், படமோ பிழையுடையது. 1758 டிசெம்பர் 25ஆந் திகதி சாக்சனி நாட்டு உழவர் பாலிட்ச் அதனை முதலிற் கண்டார். அச்செய்தி அறியாத மெசியே, 1759 சனவரி 21ஆந் திகதி, படங்காட்டிய இடத்திற்கு அப்பால், தாமே அதனைக் கண்டார். ஆயின் தெலீல் அதனை வெளியிடலாகாதெனத் தடுத்தார். மெசியே பணிந்தார். ஏப்பிரலில் தடை நீங்கியபோது பிறர் அவரை நம்ப மறுத்தனர். உரிய புகழை இழந்தும் அவர் தொலைகாட்டியைத் துறந்தாரல்லர். பின்னர் வால்வெள்ளிகள் பலவற்றைக் கண்டறிந்து, 1770இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். பிரெஞ்சுப் புரட்சியில் ஊதியம் இழந்த நிலையிலும், 1793இல் மற்றுமொன்றைக் கண்டார். 1817இல் உலக வாழ்வை நீத்தார்.

வால்வெள்ளி விண்மீன்களிடையே நாள்தோறும் இடம்பெயரும். 1758இல் இடபராசியில் அவர் கண்ட மங்கலான ஒளிப்பொட்டோ பெயரவில்லை. இத்தகையன தேடுவோரை மயக்கலாகாதெனக் கருதி, அவற்றின் இடங்களைக் குறித்து அட்டவணை வகுத்தார். நண்பர் மெசேன் கண்டனவும் சேர்த்து, 1781இல் அதன்கண் 103 பொருள்கள் இருந்தன.

அவற்றுள் ஏறக்குறைய 34, நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள பேருடுத் தொகுதிகள் என்பதை அவர் அறியார். 31ஆம் எண்ணுடைய அந்திரோமேடா ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ளது. அது வேறொரு தொகுதியே என்பதை எட்வின் ஹபிள் 1920களில் நிறுவினார். 87ஆம் எண்ணுடையதன் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2019இல் வெளியாயிற்று.

அவருடைய வால்வெள்ளிகளை இன்று நினைப்பார் சிலர். அட்டவணை எண்களையோ வானநூல் பயில்வார் அனைவரும் அறிவர். கண்டதனைக் கண்டவாறே எழுதிவைத்தலும் ஒரு தொண்டு. நம் மாணவர் அவ்வொழுக்கத்தைப் போற்றிக் கைக்கொள்வாராக.