மன்னர் ஃபைஸலும் பெட்ரோல் விலையும்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நம் ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும். பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே யாராவது ஒருவர் அரபுக்காரர்கள் மறுபடியும் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பார். அந்தப் பேச்சு உலகெங்கும் பரவியது 1973ஆம் ஆண்டில். அதோடு சேர்ந்து பரவிய பெயர், சவூதி அரேபியாவின் மன்னர் ஃபைஸல் பின் அப்துல் அஸீஸ்.

அவர் உலகத்தையே பணயமாக்கியவர் என்று அன்றைய மேற்கத்தியப் பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவை மண்டியிட வைத்த மாவீரர் என்று நம் மேடைகளில் முழங்கினார்கள். இரண்டுமே அவரது வாழ்க்கையை முழுமையாகச் சொல்லவில்லை. அவரைச் சரியாகத் தெரிந்துகொண்டால், நாம் இன்று கொடுக்கும் பெட்ரோல் விலை எப்படி உருவாகிறது என்பதும் ஓரளவு விளங்கும்.

ஆலிம் வீட்டுப் பிள்ளை

ஃபைஸல் 1906இல் ரியாத்தில் பிறந்தார். தந்தை, பின்னாளில் சவூதி அரேபியாவை உருவாக்கிய அப்துல் அஸீஸ். தாய் தர்ஃபா, ஷைகு முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாபின் வழிவந்த ஆலிம் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே தாயை இழந்த ஃபைஸல், தாய்வழிப் பாட்டனாரான ஷைகு அப்துல்லாஹ்வின் வீட்டில் வளர்ந்தார். அரண்மனைச் செல்லத்தைவிட குர்ஆன் ஓதலும் மார்க்கப் பாடமுமே அவரது இளமையில் அதிகம் இருந்தன. கடைசிவரை அவரிடம் காணப்பட்ட எளிமைக்கும் குறைந்த பேச்சுக்கும் அந்த வளர்ப்பே அடித்தளம்.

1919இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாக, தந்தையின் சார்பில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் சென்றார். 1926இல் மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதியின் நிர்வாகப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1930இல் வெளியுறவு அமைச்சரானார். அப்போது அந்த நாட்டுக்குப் பெரிய வருமானம் என்று இருந்தது ஹாஜிகள் வழியாக வந்த பணம்தான். உலகப் பொருளாதாரம் சரிந்து ஹாஜிகளின் எண்ணிக்கை குறைந்தபோது கஜானா வற்றியது. அந்த நெருக்கடியில்தான் 1933இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமை கொடுக்கப்பட்டது. 1938 மார்ச்சில் தம்மாமின் ஏழாவது கிணற்றில் எண்ணெய் பொங்கியது.

விலையை வைத்தது யார்?

எண்ணெய் அரபு மண்ணிலிருந்து வந்தது. ஆனால் அதன் விலையை அரபுகள் வைக்கவில்லை. ஏழு சகோதரிகள் என்று பேர்பெற்ற மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்களே அதைத் தீர்மானித்தன. எவ்வளவு தோண்டுவது, யாருக்கு விற்பது, என்ன விலை என்பதெல்லாம் அவர்கள் கையில். 1950இன் இறுதியில் லாபத்தில் பாதி சவூதிக்கு என்று ஒப்பந்தம் ஆன பிறகும் விலை வைக்கும் அதிகாரம் கைமாறவில்லை.

1953இல் அப்துல் அஸீஸ் வஃபாத்தானதும் மூத்தவர் சவூத் மன்னரானார்; ஃபைஸல் பட்டத்து இளவரசர். எண்ணெய்ப் பணம் வந்தும் ஆடம்பரத்தால் நாடு கடனில் மூழ்கியது. 1958இல் அரசின் நிர்வாக அதிகாரத்தை ஏற்ற ஃபைஸல், அரச குடும்பத்தின் செலவுகளை வெட்டி நாணயத்தை நிலைநிறுத்தினார். பணம் வருவது வேறு, அதைக் காப்பது வேறு என்பதை அவர் அங்கே கற்றார்.

1960 ஆகஸ்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று உற்பத்தி நாடுகளைக் கேட்காமலேயே எண்ணெயின் அறிவிப்பு விலையைக் குறைத்தது. அந்த நாடுகளின் வருமானம் ஒரே அறிவிப்பில் சரிந்தது. அடுத்த மாதமே பாக்தாதில் சவூதி, ஈராக், ஈரான், குவைத், வெனிசுவேலா ஆகிய ஐந்தும் கூடி ஒபெக் அமைப்பைத் தொடங்கின. ஆனாலும் அந்தப் பத்தாண்டு முழுவதும் 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய் எண்ணெயின் அறிவிப்பு விலை 1.80 டாலர் அளவிலேயே கிடந்தது. மேற்குலகின் நெடுஞ்சாலைகளும் பெரிய கார்களும் இந்த மலிவு எண்ணெயில்தான் ஓடின.

1962இல் மீண்டும் பிரதமரான ஃபைஸல் அந்த ஆண்டே அடிமை முறையை ஒழித்தார். 1964 நவம்பரில் மன்னரானார். மனைவி இஃப்பத்துடன் சேர்ந்து பெண் கல்விக்குப் பாதை அமைத்தார். எதிர்ப்புகளைப் பொறுமையோடு சமாளித்தார். குறையும் உண்டு: அவரது ஆட்சியில் கட்சிகளுக்கோ தேர்தலுக்கோ இடமில்லை. அமெரிக்காவோடு நெருங்கிய நட்பும் இருந்தது. எண்ணெயை ஆயுதமாக்கும் யோசனையை அவர் நீண்ட காலம் விரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோற்ற முயற்சி, எரிந்த மிம்பர்

1967 ஜூன் போரில் பைத்துல் முகத்தஸ் உட்பட கிழக்கு ஜெருசலம் இஸ்ரேலின் கைக்குப் போனது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எண்ணெயை நிறுத்தின. சில வாரங்களிலேயே அந்த முயற்சி படுத்துவிட்டது. காரணம் எளிது: அன்று அமெரிக்காவிடம் தேவைக்கு மேல் உற்பத்தி செய்யும் சக்தி இருந்தது. குழாயை மூடியவர்களுக்கே நஷ்டம்.

1969 ஆகஸ்ட் 21 அன்று மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைக்கப்பட்டு, சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்து மிம்பர் எரிந்துபோனது. அடுத்த மாதம் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடியதற்கும், அதிலிருந்து இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு உருவானதற்கும் ஃபைஸலின் உழைப்பு முக்கியக் காரணம். அக்ஸாவில் தொழ வேண்டும் என்ற ஏக்கம் அதன்பின் அவரை விடவேயில்லை.

இதற்கிடையே எண்ணெய்ச் சந்தை மாறிக்கொண்டிருந்தது. 1970இல் அமெரிக்காவின் சொந்த உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. இறக்குமதி ஏறியது. 1972இல் டெக்சாஸ் கிணறுகள் முழு வேகத்தில் ஓட அனுமதிக்கப்பட்டன. கையிருப்பு சக்தி என்று எதுவும் மிஞ்சவில்லை. 1971இல் அதிபர் நிக்ஸன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்ததால் டாலரின் மதிப்பும் சரிந்தது. டாலரில் விற்ற எண்ணெய்க்கு உற்பத்தி நாடுகள் பெற்ற உண்மை விலையும் அதோடு சரிந்தது. போர் வராமல் இருந்தாலும் விலை ஏறித்தான் இருக்கும். விறகு காய்ந்து கிடந்தது. தீக்குச்சி பிறகு வந்தது.

1973

1973இன் தொடக்கத்திலிருந்தே ஃபைஸல் எச்சரித்து வந்தார். அரம்கோ நிறுவனத்தின் அமெரிக்க அதிகாரிகளிடமும் பத்திரிகைகளிடமும், இஸ்ரேலுக்கான கண்மூடித்தனமான ஆதரவு தொடர்ந்தால் எண்ணெய் நட்பைக் காப்பாற்ற இயலாது என்பதைத் தெரிவித்தார். வாஷிங்டன் பொருட்படுத்தவில்லை.

ரமளான் பத்தாம் நாள், அக்டோபர் 6 அன்று, எகிப்தும் சிரியாவும் இழந்த நிலத்தை மீட்கப் போரில் இறங்கின. பிறகு குவைத்தில் இரண்டு தனித்தனி முடிவுகள் எடுக்கப்பட்டன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இன்றுவரை வரலாறு தவறாகச் சொல்லப்படுகிறது.

முதலாவது, அக்டோபர் 16 அன்று வளைகுடாவின் ஒபெக் நாடுகள் அறிவிப்பு விலையை மூன்று டாலரிலிருந்து ஐந்து டாலருக்குச் சற்று மேல் உயர்த்தின. இது பணம் சம்பந்தப்பட்ட முடிவு. அரபு நாடல்லாத ஈரானும் இதில் பங்காளி. இரண்டாவது, மறுநாள் அரபு நாடுகள் மட்டும் கூடி, மாதந்தோறும் உற்பத்தியை ஐந்து சதவீதம் குறைப்பதாக அறிவித்தன. இது அரசியல் முடிவு. அப்போதும் ஃபைஸல் கதவை முழுவதும் சாத்தவில்லை. அக்டோபர் 19 அன்று இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் உதவி வழங்க நிக்ஸன் கேட்டார். அதற்கு அடுத்த நாள் சவூதி, அமெரிக்காவுக்கு எண்ணெயை அடியோடு நிறுத்தியது.

டிசம்பரில் டெஹ்ரானில் விலை 11.65 டாலராக ஏற்றப்பட்டது. அங்கே அதிக விலைக்கு விடாப்பிடியாக நின்றவர் ஈரானின் ஷா, அதாவது அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி. சவூதி தரப்பு அந்த அளவு ஏற்றத்தை விரும்பவில்லை. ஆனால் உலகத்தின் கோபம் சுமந்தது ஃபைஸலின் பெயர்.

அமெரிக்க பங்க்குகளில் வாகனங்கள் வரிசை கட்டின. ஒரு கேலன் பெட்ரோலின் சராசரி விலை 1973இல் 39 சென்ட்; 1974இல் 53 சென்ட். கவனியுங்கள், கச்சா எண்ணெய் நான்கு மடங்கு ஏறியும் பங்க் விலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பங்க் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதி மட்டுமே. சுத்திகரிப்பு, போக்குவரத்து, வரி, லாபம் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்க அரசே உள்நாட்டு எண்ணெய்க்கு விலைக் கட்டுப்பாடும் பங்கீடும் விதித்திருந்தது. அந்த நீண்ட வரிசைகளுக்கு அதுவும் ஒரு காரணம். அதே காலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனங்களின் லாபம் பெருகியது.

1974 மார்ச் 18 அன்று பெரும்பாலான அரபு நாடுகள் தடையை விலக்கிக்கொண்டன. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் பாலஸ்தீன விஷயத்தில் தங்கள் பேச்சை மாற்றியிருந்தன. பைத்துல் முகத்தஸ் மட்டும் மீளவில்லை.

யாமாமாவின் கோதுமை

இங்கே நாம் நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த விலை ஏற்றத்தின் சுமையை யார் தாங்கினார்கள்? பணக்கார நாடுகள் தடுமாறி எழுந்தன. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் போன்ற நாடுகளின் இறக்குமதிச் செலவோ பல மடங்கானது. பம்ப்செட் டீசலும், உரமும், ஏழை வீட்டு மண்ணெண்ணெயும் அந்தக் கணக்கில் அடங்கும். இந்த ஏழைகள் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் அல்லர்.

நபித்தோழர் துமாமா (ரலி) அவர்களின் வரலாறு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அவர் யாமாமாவின் தலைவர். இன்றைய ரியாத் இருப்பதும் பழைய யாமாமா நிலத்தில்தான். இஸ்லாத்தை ஏற்றபின் மக்காவுக்குச் சென்ற அவரைக் குறைஷிகள் இழிவுபடுத்தினர். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கும்வரை ஒரு கோதுமை மணிகூட மக்காவுக்குப் போகாது என்று அவர் தடுத்துவிட்டார். பசியில் வாடிய குறைஷிகள் நபியவர்களிடமே முறையிட்டனர். தம்மை ஊரைவிட்டுத் துரத்திய அந்த மக்களுக்காக, தானியத்தை விடும்படி நபியவர்கள் துமாமாவுக்கு எழுதினார்கள்.

அநீதி செய்பவரிடமிருந்து பொருளை நிறுத்தி வைப்பதற்கு நம் வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு. அது பசித்தவனின் வயிற்றைத் தொடும்போது கை தளர வேண்டும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஃபைஸல் இதை உணராதவர் அல்லர். ஏழை நாடுகளுக்கு உதவ 1974இல் சவூதி வளர்ச்சி நிதி தொடங்கப்பட்டது. ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கிக்கான அடித்தளமும் அவர் காலத்தில் போடப்பட்டது. ஆனாலும் ஏறிய விலையின் சுமையை அந்த உதவி முழுமையாக ஈடுசெய்ததாகச் சொல்ல முடியாது. விலை என்பது ஏவியபின் திசை திருப்ப முடியாத அம்பு.

பெயரில்லாத கப்ர்

1975 மார்ச் 25 அன்று ரியாத் அரண்மனையில் குவைத்தின் எண்ணெய் அமைச்சரைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, சொந்தச் சகோதரரின் மகனே ஃபைஸலைச் சுட்டான். காரணம் பற்றிப் பல ஊகங்கள் உலவின. உறுதியான பதில் கிடைக்கவில்லை. உலகின் மிகப் பெரிய எண்ணெய்ச் செல்வத்தை ஆண்டவர், ரியாத்தின் அல்ஊத் கப்ருஸ்தானில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு மண் கப்ரில் அடக்கப்பட்டார். அக்ஸாவில் தொழும் ஆசை நிறைவேறவில்லை.

அவர் காலத்தில் ஏறிய அந்த விலைதான் வளைகுடாவில் சாலைகளாகவும் துறைமுகங்களாகவும் மாறியது. அவற்றைக் கட்ட ஆள் தேவைப்பட்டபோது நம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் கப்பலேறினார்கள், விமானம் ஏறினார்கள். மண்ணெண்ணெய்க்குக் கூடுதல் காசு கொடுத்த அதே தெருவுக்கு, சில ஆண்டுகள் கழித்து வளைகுடாவிலிருந்து பணம் வந்தது. ஒரே விலை ஏற்றத்தின் இரண்டு முகங்களையும் பார்த்த சமுதாயம் நாம்.

ஆகவே அடுத்த முறை பங்க்கில் மீட்டர் ஓடும்போது அரபுக்காரர்களை மட்டும் நினைக்காதீர்கள். எண்ணெயை எடுப்பவர், டாலரை அச்சிடுபவர், சுத்திகரிப்பவர், போர் தொடங்குபவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. நம் நாட்டில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் வரியும் அதில் கணிசமாக இருக்கின்றன. 2020இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை தரைமட்டமானபோதும் இங்கே விலை இறங்காததற்குக் காரணம், அந்த ஆண்டு உயர்த்தப்பட்ட கலால் வரியே.

எண்ணெயும் அதன் விலையும் யார் கையில் இருந்தாலும் அவை ஓர் அமானிதம். ஃபைஸல் அந்த அமானிதத்தைச் சுமந்து பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்தார்; அதன் சுமை எளியவர் தோளிலும் விழுந்ததை அவரால் தடுக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அல்லாஹ் அவருடைய நற்செயல்களை ஏற்று, பிழைகளை மன்னிப்பானாக.