கோடாக்: ஓடிக்கொண்டிருந்த தொழிலைத் தானே மாற்றிய ஈஸ்ட்மன், மாறத் தயங்கிய கம்பெனி

உங்கள் கேமரா பிராண்டு போட்டியாளர்களைவிடப் பின்தங்கி நிற்கிறதே என்று எரிச்சலா? லென்ஸ் எல்லாம் அதே பிராண்டில் வாங்கி வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். இப்படிப் பின்தங்கிய நிறுவனங்களில் பெரிய உதாரணம் கோடாக். ஆனால் அதை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் அப்படிப்பட்டவர் இல்லை.

யார் இந்த ஈஸ்ட்மன்?

1854-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா இறந்துவிட, 14 வயதில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். சம்பளம் வாரம் 3 டாலர். பிறகு ராச்செஸ்டர் நகரில் வங்கி கிளார்க் ஆனார்.

24 வயதில், வெளிநாடு போகும் திட்டத்தில் கேமரா வாங்கினார். பயணம் நடக்கவில்லை, கேமரா மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். இதற்கு மாற்றாக வந்திருந்த உலர் தகடுகளை, அம்மாவின் சமையலறையில் ராத்திரி ராத்திரியாகச் செய்து பார்த்தார். தகடுகளில் ரசாயனம் பூச ஒரு இயந்திரமும் உருவாக்கி, 1881-ல் கம்பெனி தொடங்கினார்.

ஓடுகிற தொழிலை ஏன் மாற்றினார்?

இங்கேதான் கவனிக்கணும். தகடு வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதற்கு முடிவுகட்டக்கூடிய ஃபிலிம் சுருளில் இறங்கினார். தொழில்முறை புகைப்படக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சரி, சாதாரண மக்களிடம் போவோம் என்று முடிவெடுத்தார்.

1888-ல் கோடாக் கேமரா வந்தது. விலை 25 டாலர், உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புது ஃபிலிம் போட்டுத் தருவார்கள். 1900-ல் பிரவுனி கேமரா வந்தது, விலை 1 டாலர். அதாவது 12 வருஷத்தில் 25-ல் ஒரு பங்கு விலையில் ஒரு கேமரா!

அவர் வழி எல்லாமே நேர்வழி என்று சொல்ல முடியாது. ஃபிலிம் காப்புரிமையில் ஹானிபல் குட்வின் தரப்பிடம் வழக்கில் தோற்று, 1914-ல் கோடாக் 50 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

அவருக்குப் பிறகு?

முதுகெலும்பு நோயால் அவதிப்பட்ட ஈஸ்ட்மன், 1932-ல் 77 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1975-ல் கோடாக்கின் இன்ஜினியர் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதில் ஒரு படம் பதிவாக 23 நொடி ஆகும், தரமும் சுமார்தான். இருந்தாலும் அடுத்த பாதை கோடாக்கின் கையிலேயே இருந்தது. ஆனால் லாபம் பெரும்பாலும் ஃபிலிமிலும் பேப்பரிலும் இருந்ததால், முழு மூச்சாக இறங்க நிர்வாகம் தயங்கியது. ஃபிலிமையே நம்பியிருந்த இன்னொரு கம்பெனியான ஃபியூஜிஃபிலிம், மருத்துவம், அழகுசாதனம் என்று பரவித் தப்பித்தது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. சாசனின் கேமரா வந்து அப்போது 36 வருஷம் ஆகியிருந்தது.

ஒன்றை யோசிச்சுப் பாருங்க. தகட்டை விடும்போது ஈஸ்ட்மனிடம் இருந்தது ஒரு சின்ன கம்பெனி. 1975-ல் கோடாக்கிடம் இருந்தது ஒரு சாம்ராஜ்யம். கையில் இருப்பது பெரிதாகப் பெரிதாக, அதை விடுவதும் கஷ்டமாகிறது. அதனால் உங்கள் பிராண்டு தாமதிக்கும்போது, அவர்களிடம் திறமை இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீங்க. எதை விற்று லாபம் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தாமதத்துக்கான காரணம் அங்கேதான் இருக்கும்.