பண்ணையாளுக்குத் தலைநிமிர்வு தந்த பி. சீனிவாசராவ்

உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1861ஆம் ஆண்டு பண்ணையடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உழவர்கள் நிலக்கிழாரின் உடைமை என்னும் நிலையிலிருந்து விடுபட்டனர். ஆயினும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் விலையின்றிக் கிடைக்கவில்லை. 49 ஆண்டுகள் செலுத்த வேண்டிய மீட்புத் தவணை அவர்தம் தோளில் ஏறியது. அத்தவணை அறவே நீங்கியது 1907இல்தான். தமிழகத்தின் பண்ணையடிமைத் தளையை அறுக்கத் தம் வாழ்வை ஈந்த பி. சீனிவாசராவ் தென் கன்னடப் பகுதியில் பிறந்ததும் அதே 1907இல் என்பது எண்ணத்தக்கது.

கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போரில் இறங்கிய அவர், சென்னையில் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுத் தடியடியும் சிறையும் ஏற்றார். சிறைவாழ்வு அவரைப் பொதுவுடைமைக் கொள்கையின்பால் செலுத்தியது. விவசாயிகள் சங்கம் அமைக்கும் பணியை ஏற்று 1943இல் அவர் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. கற்றுக்கொண்ட அம்மொழியிலேயே, எழுத்தறியாத மக்களின் நெஞ்சில் புகும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது.

சட்டம் ஒழித்தது, வழக்கம் வளர்த்தது

அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்றலாகாது என 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் விதித்தது. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வரையறுத்தது. எனினும் காவிரிக் கழனிகளில் அடிமைத்தனம் பண்ணையாள் முறை என்னும் பெயரில் உயிர்வாழ்ந்தது. குடிசை நின்ற மனை ஆண்டைக்குரியது. வாங்கிய கடனும் ஆண்டையிடம் பட்டது. மனையும் கடனும் விலங்காயின. சாதி அவ்விலங்குக்குப் பூட்டாயிற்று. தவறியவர்க்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் சாணிப்பாலும் தண்டனைகள்.

வானம் பார்த்த பூமியாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மக்கள் மழை பொய்த்துப் பசித்ததை அறிவர். தஞ்சைப் பண்ணையாளோ ஆறு பொய்க்காத ஆண்டிலும், நெற்குவியலின் அருகில் நின்றே பசித்தான். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த நந்தன், சிதம்பரம் செல்லவும் ஆண்டையிடம் விடை வேண்டி நிற்கிறான். இறைவனைக் காணவும் இசைவு தேவைப்பட்ட அந்நிலை பாட்டிலே மட்டும் இருந்ததன்று.

சேரியில் ஒரு தோழர்

அந்தணர் குலத்தில் பிறந்த சீனிவாசராவ் சேரிக் குடிசைகளில் தங்கினார். அம்மக்கள் உண்டதை உண்டார். மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள தென்பரையில் சங்கம் வேரூன்றியது. களப்பால் குப்பு போன்ற தோழர்கள் துணைநின்றனர். அடித்தவரை எதிர்த்து நிற்கும் துணிவை அவர் மக்களுக்கு ஊட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. ஆண்டை முன் குனிந்து நின்றே பழகியவர்கள், தம் சங்கத்தின் வழியாக அவரோடு பேச்சு நடத்தி உடன்பாடு காணும் நிலைக்கு உயர்ந்தனர்.

கூலி உயர்வினும் பெரிய வெற்றி இது எனலாம். தோளில் துண்டு அணிவதும், முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுப்பதும், ஆண்டையை நேர்நோக்கிப் பேசுவதும் அக்காலத்தில் போராட்டங்களே. ஒரு மனிதனை எச்சொல்லால் விளிப்பது என்பதில் அவன் வாழ்வே அடங்கியிருக்கிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின்

கட்சி தடைசெய்யப்பெற்றிருந்த ஆண்டுகளில் அவர் தலைமறைவாக வாழ்ந்தார். 1952இல் இராசாசி தலைமையிலான அரசு தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. குத்தகையாளர்க்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு என அது வகுத்தது. பண்ணையாளை எளிதில் வெளியேற்றலாகாது எனத் தடுத்தது.

ஆனால் அதன் விளைவு இருமுகமானது. நிலவுடைமையாளர் பலர் நிலையான பண்ணையாளைத் தவிர்த்து நாட்கூலிகளை நாடினர். தளை அறுந்தது, அதனோடு ஆண்டு முழுதும் வேலை என்னும் உறுதியும் அறுந்தது. உருசிய உழவன் கடனோடு விடுதலை பெற்றான். தஞ்சைப் பண்ணையாள் வெறுங்கையோடு விடுதலை பெற்றான். நிலமில்லா விடுதலை பாதி விடுதலையே என்பதைச் சீனிவாசராவ் தெளிந்திருந்தார். ஆதலின் நில உச்சவரம்புச் சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கக் கோரிய 1961ஆம் ஆண்டுப் போராட்டத்துக்காக ஓய்வின்றி உழைத்தார். உடல் தாங்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மறைந்தார். உருசிய ஆணை பிறந்து அப்போது நூறாண்டுகள் நிறைந்திருந்தன.

அவருக்குப் பின்னும் வரலாறு நேராக நடக்கவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களுள் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். குடியிருந்த மனை குடியிருந்தவர்க்கே உரியது என்னும் சட்டம் 1971இல்தான் வந்தது. ஆண்டையின் மனை என்னும் விலங்கு அப்போதுதான் சட்டத்தின் கண் முன் வீழ்ந்தது.

திருத்துறைப்பூண்டியில் சீனிவாசராவின் நினைவிடம் உள்ளது. நிலம் பற்றிய அவர் கனவு முற்றும் கனியவில்லை. ஆயினும், எங்கிருந்தோ வந்து தம் மொழி கற்ற ஒருவர் அருகில் நின்றதால், கைகட்டி நின்றவர்கள் கைகளை இறக்கினர். அக்கைகளை மீண்டும் கட்டவைக்க எவராலும் இயலவில்லை.